சுரேஷின் சாவி

காமிராவின் மேல் போடுவதற்காக மேகலா எடுத்து வந்த துண்டை வள்ளியம்மை அத்தை பாதி வழியிலேயே பிடுங்கிக்கொண்டாள்.

"ஏட்டி, அதை ஏன் மூடுத? அது வழியாத்தானே சுரேஷு பாப்பான்."

அழுது அழுது அத்தையின் தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் குரலில் அதிகாரம் குறையவில்லை. செய்தி கேட்டதுமே ஆர்.கே. புரத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்து அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்தவள், விடிந்ததும் வீட்டை முழுதாகத் தன் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தின் நடுவில் ஐஸ் பெட்டி ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடி மூடிக்குள் சுப்பையா, நேற்று மாலை தானே இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்ட நீலச் சட்டையோடு படுத்திருந்தார். ஜூன் மாத வெயில் காலையிலேயே லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸின் சுவர்களில் ஏறிவிட்டது. பத்து மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அத்தை எழுந்து ஃபிரிட்ஜின் மேலிருந்த காமிராவையும் ஐஸ் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெக்க தலை வெச்சாச்சு. அங்கருந்து பாத்தா உச்சந்தலைதானே தெரியும்? புள்ள முகத்தைப் பாக்க வேண்டாமா?"

"தலையை வடக்க திருப்பிரலாமா அத்தை?" என்றான் ஜெயராம். சித்தப்பா மகன். குருகிராமில் வேலை. கனடாவில் இருக்கும் மகன் சுரேஷுக்குப் பதிலாக இன்று கொள்ளி வைக்கப் போகிறவன்.

"நாக்கைக் கடி. வடக்க தலை வெப்பாகளா யாராச்சும்? காமிராவை மாத்துலே."

வயர் எட்டவில்லை. நீட்டிப்பு வயர் தேடி எடுத்து, அப்பாவின் இஸ்திரி மேஜையைக் கால்மாட்டில் இழுத்துப்போட்டு, அதன் மேல் காமிராவை வைத்தார்கள். மேகலாதான் கோணம் பார்த்துத் திருப்பினாள். அந்தக் கண்ணுக்கு எவ்வளவு தெரியும், எது விளிம்பில் வெட்டுப்படும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஒன்றரை வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருந்த படம் அது. ஆனால் அது அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது.

"லைட் எரியலையே" என்றாள் அத்தை. "அவன் பாத்தா நீல லைட்டு எரியும்னு அண்ணன் சொல்லுவானே."

"எரியும் அத்தை" என்றாள் மேகலா.

*

காமிரா வாங்க வேண்டும் என்று முதலில் சொன்னது சுரேஷ்தான். அம்மா போன பிறகு, பகல் முழுதும் அப்பா தனியாக இருக்கிறாரே என்று டொரண்டோவிலிருந்து கவலைப்பட்டான். கவலைப்பட்டவன் பணமும் அனுப்பினான். கடைக்குப் போனது, ஃபிரிட்ஜின் மேல் அதைப் பொருத்தியது, வெளியிலிருந்து அதைப் பார்ப்பதற்கு என்ன வழி என்று வாரக்கணக்கில் படித்தது எல்லாம் மேகலா. ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தாள். கல்யாணம் இரண்டு முறை கிட்டத்தில் வந்து தள்ளிப்போய், பிறகு அந்தப் பேச்சே நின்றுவிட்டது. குவார்ட்டர்ஸ் அவள் பெயரில்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. வாசலில் மட்டும் 'எஸ். சுப்பையா' என்ற பித்தளைப் பலகை, அப்பாவே பழைய வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது.

சுப்பையா லேசில் சம்மதிக்கிற ஆள் இல்லை. ரகசியத் தந்திகளைச் சங்கேத எழுத்தில் மாற்றி அனுப்பும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரக்கு முத்திரை இல்லாத உறையைக் கையால் தொடமாட்டார்.

"காமிரா கம்பெனியோட ஆப்பையே போட்டுக்கலாம்பா. ரொம்ப ஈஸி" என்றாள் மேகலா.

"படம் எங்க போவும்?"

"அவங்க கம்ப்யூட்டருக்குப் போய், அங்கேருந்து சுரேஷுக்குப் போகும்."

"நான் வேட்டி மாத்துதத எவனோ ஒரு கம்பெனிக்காரன் பாக்கவா? வேண்டாம்."

சுரேஷ் போனில் வேறு வழி சொன்னான். "ரவுட்டர்ல ஒரு போர்ட்டை ஓபன் பண்ணி விட்டுரு அக்கா. அஞ்சு நிமிஷ வேலை. பாஸ்வேர்ட் போட்டா போதும்." அதை அப்பாவிடம் விளக்கியபோது அவர் சிரித்தார். "தெருக்கதவத் தெறந்து போட்டுட்டு, உள்ள பீரோவுக்குப் பூட்டு இருக்குங்கான். கனடா போயும் புத்தி வரல."

மூன்றாவது வழிதான் அவருக்குப் பிடித்தது. வீட்டுக்கும் வெளியே இருக்கிற போனுக்கும் நடுவில் தனியாக ஒரு சுரங்கப்பாதை. நடுவில் யார் ஒட்டுக்கேட்டாலும் வெறும் குப்பைதான் கிடைக்கும். உள்ளே நுழைய ஒரு டிஜிட்டல் சாவி. சாவி இல்லாதவனுக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. மேகலா சொல்லச் சொல்ல அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பல வருடங்கள் கழித்து யாரோ அவருடைய பாஷையில் பேசினார்கள்.

"எத்தனை சாவி போடலாம்?"

"எத்தனை வேணாலும் போடலாம்பா."

"சாவி பெருகினா ரகசியம் இல்லட்டி. ஒண்ணு போதும். சுரேஷுக்கு."

"எனக்கு?"

"ஒனக்கெதுக்கு? நீதான் வீட்டுலயே இருக்கியே."

அவர் அதைத் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கும் அது தப்பாகப் படவில்லை.

சாவி வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் போனில் ஏற்றிப் பார்த்துவிட்டு, அதையே சுரேஷுக்கு அனுப்பினாள். "சூப்பர்க்கா. வீக்கெண்டுல போட்டுக்கறேன்" என்றான். தினமும் ஐந்து மணி, அவனுக்குக் காலை காபி நேரம், அப்போது பார்க்கிறேன் என்று அப்பாவிடமும் சொன்னான்.

முதல் நாள் ஐந்து மணிக்கு அப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். காமிராவின் நீல விளக்கு எரியவில்லை. மறுநாளும் உட்கார்ந்தார். அந்த வாரம் முழுதும் உட்கார்ந்தார். மேகலா ஆபீஸ் விட்டு வரும்போது சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டிக்கொண்டிருப்பார். "நெட்டு சரியில்ல போலுக்கு" என்பார். சுரேஷுக்கு அவள் இரண்டு முறை ஞாபகப்படுத்தினாள். இந்த வாரம் ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கிறது, அடுத்த வாரம் கண்டிப்பாக என்றான்.

அடுத்த வாரம் ஒரு மாலை, ஆபீஸ் மாடிப்படியில் டீ கிளாஸோடு நின்றவள், தன் போனிலிருந்த சாவியைத் தொட்டாள். திரையில் கூடம் விரிந்தது. நீல விளக்கைக் கண்டு அப்பா சட்டென்று எழுந்து நின்றார், அறைக்குள் மேலதிகாரி வந்ததுபோல.

"வந்துட்டியாடே?"

அது மலிவான காமிரா. இங்கே பேசுவது அங்கே கேட்கும். அங்கிருந்து இங்கே குரல் வராது. மேகலா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அப்பா உட்கார்ந்து, தலையைக் கையால் கோதிக்கொண்டு, பேச ஆரம்பித்தார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

அவரிடம் அவ்வளவு பேச்சு இருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் அவளோடு பேசுவதெல்லாம் கேஸ், பால், மாத்திரை. காமிராவிடம் அவர் அம்மாவைப் பற்றிப் பேசினார். மார்க்கெட்டில் சட்டைக்குப் பேரம் பேசியதைச் சொல்லிச் சிரித்தார். மேகலாவைப் பற்றியும் பேசினார். "ஒங்கக்கா சாம்பார்ல உப்பே போடமாட்டுக்கா. கேட்டா பீபிங்கா. எனக்கு ஏதுடே பீபி, வந்தா இவ சமையலைத் திண்ணு வந்ததாத்தான் இருக்கும்." மாடிப்படியில் நின்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொரு நாள், "நீ பக்கத்துல இருந்தா எனக்கு என்ன குறை" என்றார். அன்று அவள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா கேட்டார்: "வெள்ளிக்கெழம கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தேனே, பாத்தியாலே?"

அடுப்படியில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த மேகலாவின் கை நின்றது. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"பாத்தேன்பா" என்றான் சுரேஷ். "சூப்பரா இருந்துச்சு."

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே போயிற்று. அவன் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

*

"நேத்திக்கு உனக்கு எப்படித்தான் தோணித்தோ" என்று ஆரம்பித்தாள் எதிர்வீட்டு வைதேஹி மாமி, மேகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு. "கேஸை அடைச்சேனான்னு பாருங்கோ மாமின்னு போன் பண்ணினாயே. இல்லேன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? நானானா சரோஜினி மார்க்கெட்ல நின்னுண்டிருக்கேன். ஒரு ஆட்டோக்காரன் வரமாட்டேங்கறான். ஜல்தி பையா, ஜல்தின்னு கத்தி, ஒருத்தன் வந்து, பெல்லை அடிச்சா பதிலே இல்லை. இதெல்லாம் ஒரு உள்ளுணர்வு."

"ரத்தம்லா" என்றாள் அத்தை.

மேகலா மாமியின் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டு, ஊதுவத்தியின் சாம்பலைத் தட்டினாள்.

நேற்று மாலை அப்பா நீலச் சட்டையில் உட்கார்ந்து, வழக்கம்போலத் தலையைக் கோதிக்கொண்டார். ஆனால் சிரிக்கவில்லை. காமிராவை நோக்கிக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"டே, ஒண்ணு சொல்லுதேன். அக்காட்ட சொல்லிராத. காலைலருந்து நெஞ்சு ஒரு மாதிரி பாரமா இருக்கு. இடது கை வேற கடுக்கு. அவ கேட்டா லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவா. படுத்து எந்திரிச்சா சரியாப் போவும். சும்மா, ஒங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

மேகலாவின் விரல் அப்பாவின் எண் மேல் போய் நின்றது. அழைத்து என்ன சொல்வது? நெஞ்சு வலிக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். சுரேஷ் சொன்னான் என்று சொல்லலாம். உடனே சுரேஷுக்குப் போன் போடுவார், ஏன்டா சொன்னே என்று. எதைச் சொன்னேன்பா என்று அவன் திருதிருவென்று விழிப்பான். ஒன்றரை வருடத்துப் பேச்சும் ஒரே நிமிடத்தில் அவர் முகத்தில் இடிந்து விழும். அதைப் பார்க்க அவளால் முடியாது என்று தோன்றியது. அவரை விடத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படித் தோன்றியதோ என்பதை இன்று காலையிலிருந்து அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஆகவே மாமிக்குப் போன் செய்தாள். கேஸ் என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடி ஆட்டோ பிடித்தாள். சாணக்யபுரி தாண்டும் வரை வண்டி நகர்ந்தது. அதன் பிறகு சிக்னலில் அப்படியே நின்றுவிட்டது. மடியில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்பா பேச்சை நிறுத்தியிருந்தார். காமிராவைப் பார்த்து, 'அவ்வளவுதான்டே' என்பதுபோல ஒரு கையைத் தூக்கினார். தூக்கிய கை மடியில் இறங்கி, மடியிலிருந்து நழுவித் தொங்கியது. தூங்குகிறார் என்று நினைக்க முயன்றாள். பிறகு ரகசியமாவது ஒன்றாவது என்று அவர் எண்ணை அழுத்தினாள்.

முக்காலியின் மேல் அப்பாவின் போன் வெளிச்சம் போட்டு அதிர்வதைத் திரையில் பார்த்தாள். அது அதிர்ந்து அதிர்ந்து முக்காலியின் விளிம்புக்கு நகர்ந்தது. அப்பாவின் கை அதற்கு ஒரு சாண் தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் மறுபடி அழைத்தாள். போன் மறுபடி அதிர்ந்தது.

அதன் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

*

ஜெயராமின் போனில் சுரேஷ் வந்தான். கண்கள் வீங்கியிருந்தன. நேற்றிரவே சொல்லிவிட்டான்: "நான் வர ரெண்டு நாள் ஆயிடும். அதுவரைக்கும் வெச்சிருக்க வேண்டாம். காமிரா இருக்கே, நான் பாத்துக்கறேன்."

"சுரேஷண்ணே, காமிராவை முகத்துக்கு நேரா வெச்சிருக்கோம். லைட் எரியல. கனெக்ட் ஆகலையா?" என்றான் ஜெயராம்.

"ட்ரை பண்றேன்டா. இங்க நெட்... என்னமோ ப்ராப்ளம். நீ போன்லயே காட்டு."

ஜெயராம் போனைக் கண்ணாடி மூடியின் மேல் நீட்டினான். டொரண்டோவில் ஒருவன் விசும்பும் சத்தம் கூடம் முழுதும் கேட்டது. அத்தை வாய்விட்டு அழுதாள். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சம் அடங்கிய பிறகு அத்தை போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஐயா, நாள் தவறாம ஒங்கிட்டதான் பேசுவான் எங்கண்ணன். பக்கத்துல இருந்து பாத்தவுககூட இப்பிடிப் பாத்திருக்க மாட்டாக. கனடாவுல இருந்துக்கிட்டு நீ பாத்த. நேத்தும் பேசிட்டுதான் போயிருக்கான், சட்டையைப் பாரு. என்னய்யா சொன்னான் கடைசியா? ஒங்கிட்ட ஏதும் சொன்னானா?"

மேகலா சுவரோரம் நின்றாள். கையில் அரளிப் பூமாலை. நார் விரலில் அறுத்தது.

போனுக்குள் சுரேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நல்லாத்தான் இருந்தார் அத்தை" என்றான். "சிரிச்சுக்கிட்டேதான் பேசினாரு. ஒரு கம்ப்ளைண்டும் சொல்லல."

"புண்ணியவான்" என்றாள் அத்தை. "வலி இல்லாம, புள்ள முகத்தப் பாத்துக்கிட்டே போயிருக்கான். யாருக்குக் கிடைக்கும்?"

கூடத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். மேகலா மாலையை ஐஸ் பெட்டியின் மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். பின்னாலேயே அவளுடைய போன் அடித்தது.

"அக்கா."

"சொல்லு."

"தனியா இருக்கியா?"

"ம்."

"அக்கா, நான் ஒரு நாள்கூட கனெக்ட் பண்ணலை. அது உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"அப்புறம் அந்த லைட் எப்படி எரிஞ்சுது? அப்பா யாரைப் பாத்து பேசிட்டிருந்தாரு?"

சிங்கில் நேற்றைய டம்ளர் கிடந்தது. அடியில் காபி காய்ந்து கறுத்திருந்தது. மேகலா அதில் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒன்றரை வருடம் அவருக்குத் துணையாக இருந்தது யார் என்பது தெரிந்துவிடும். அடுத்த மூச்சில் அவன் கேட்பான்: அப்போ நேத்து அப்பா என்ன சொன்னாரு? கேட்டுட்டு நீ என்ன பண்ணின?

"மலிவுக் காமிரா சுரேஷ். தானா எரியும், தானா அணையும்."

"நெஜமாவா?"

"ம்."

"நேத்தும் எரிஞ்சுதா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் ஆபீஸ்ல இருந்தேன்."

அவன் நீளமாக மூச்சு விட்டது கேட்டது. அது அழுகை இல்லை. முதுகிலிருந்து எதையோ இறக்கி வைத்தவனின் மூச்சு.

"அக்கா, அந்தக் கீ எங்கேயோ மிஸ் ஆயிடுச்சு. திரும்ப அனுப்பறியா? எல்லாரும் கேக்கறாங்க. இன்னிக்கு ஈவினிங் அஞ்சு மணிக்கு நான் கண்டிப்பா வரேன். அத்தைகிட்ட சொல்லிடு."

"அனுப்பறேன்."

ஒரே சாவி இரண்டு போனில் இருந்தால், ஒன்று நுழையும்போது மற்றொன்று அறுந்துபோகும். சாவியை அவனுக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று இரண்டு டிக் விழுந்ததும், தன் போனிலிருந்து அதை அழித்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று போன் ஒருமுறை கேட்டது.

வெளியே சங்கு ஊதினார்கள். ஜெயராம் ஈர வேட்டியோடு தீச்சட்டியைத் தூக்கிக்கொண்டான். "சுரேஷுக்குப் பதிலா" என்று அத்தை எல்லோரிடமும் ஒருமுறை சொன்னாள். லோதி ரோடு மயானத்துக்கு வண்டி கிளம்பியது. பெண்கள் பித்தளைப் பலகை இருந்த வாசலோடு நின்றுகொண்டார்கள்.

*

வீட்டைக் கழுவிவிட்டு, குளித்து, அப்பா படுத்திருந்த இடத்தில் அகல்விளக்கு ஏற்றியாயிற்று. காமிராவை மேகலா மறுபடி ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். பழைய கோணம்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்பே அத்தை எழுந்தாள். முகம் கழுவி, தலையைச் சீவி முடிந்து, அப்பாவின் நாற்காலியைக் காமிராவுக்கு எதிரே நகர்த்தி உட்கார்ந்தாள்.

"எங்கண்ணன் இருந்த எடத்துல ஒரு ஆளு இருந்தா புள்ளைக்கு ஆறுதலா இருக்கும்" என்றாள். "லைட் எரிஞ்சா சொல்லுட்டி. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

மேகலா காபி போட்டு முக்காலியில் வைத்தாள். கதவுக்குப் பின்னால் கொக்கியில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது. இன்றைக்கு என்று அப்பா எடுத்து மாட்டியது.

"மணி ஆயிட்டாட்டி?"

"ஆயிட்டு அத்தை."

அத்தை முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். காமிராவின் கறுப்புக் கண்ணைப் பார்த்து லேசாக ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, அதை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். அவன் குரல் அடுத்த தெருவுக்குத் திரும்பித் தேய்ந்தது.

"வந்துட்டானா?"

மேகலாவின் கை தானாகப் போனை எடுத்திருந்தது. விரல், சாவி இருந்த இடத்துக்குப் போய் நின்றது. அங்கே ஒன்றும் இல்லை.

"வருவான் அத்தை" என்றாள்.

முக்காலியில் காபியின் மேல் மெல்ல ஆடை படிந்துகொண்டிருந்தது.